என் பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து

அந்த ஆள் வந்து உட்கார்ந்தபோது காலை ஒன்பதரை இருக்கும். இட்லிக் கூட்டம் ஓய்ந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதே ஒரு மாதிரி ஆனது. சாப்பிட வருகிறவர்கள் ஹெல்மெட்டைப் பெஞ்சில் வைப்பார்கள். வேறு வேலையாக வந்தவர்கள்தான் மடியில் வைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் என் கணக்கு. மனைவியிடம் சொன்னால், “உங்களுக்கு எதைப் பாத்தாலும் ஒரு பயம்” என்பாள்.

இரண்டு இட்லி கேட்டார். ஒரு வாய் சாப்பிட்டார். தெருவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொல்லி, “அவுரு வீடு எதுங்க?” என்று என்னிடமே கேட்டார்.

என் பெயரைச் சொல்லித் தேடி வந்த யாரும் இதுவரை நல்லதுக்கு வந்ததில்லை. சாக்கடை மேல் பெஞ்ச் போட்டதற்கு ஒருத்தர் வந்தார். லைசென்ஸ் கேட்டு ஒருத்தர் வந்தார். அப்போதெல்லாம் என் வாய் தானாக ஒன்றைச் சொல்லிவிடும். அன்றைக்கும் சொல்லிவிட்டது.

“அவுரு ஊர்ல இல்லீங்களே. வெளியூர் போயிருக்காரு.”

அந்த ஆள் நிம்மதியானது போலத் தெரிந்தது. குரலைத் தாழ்த்தினார். “நல்லதாப் போச்சு. அவுரு பொண்ணு விஷயமா வந்தேன். சிதம்பரத்துலேர்ந்து. என் தங்கச்சி பையனுக்குப் பாக்குறோம். கொஞ்சம் விசாரிக்கணும்.”

கரண்டி என் கையிலேயே நின்றது.

எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்திவிட்டால் உடனே பெண் பார்க்க வந்துவிடமாட்டார்கள். பையன் வீட்டிலிருந்து ஒருத்தர் சொல்லாமல் கொள்ளாமல் தெருவுக்கு வருவார். டிபன் கடை, மளிகைக் கடை, அயர்ன் வண்டி என்று நின்று நின்று கேட்டுவிட்டுப் போவார். அவர் ஊருக்குப் போய் என்ன சொல்கிறாரோ அதுதான் பெண் வீடு. கடலூரில் கடை வைத்த நாளிலிருந்து எங்கள் தெருவில் எத்தனையோ வீட்டுக்கு நான் பதில் சொல்லியிருக்கிறேன். ‘குடும்பம் எப்படி?’ என்று கேட்கும்போது ‘ம்’ என்பதைக் கொஞ்சம் இழுத்தால் போதும், அந்தச் சம்பந்தம் நின்றுவிடும். நான் இழுத்ததில்லை. ஆனால் இழுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு என்னை அடையாளம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. வாட்ஸ்அப்பில் போன விவரத்தில் ‘தந்தை: கேட்டரிங் தொழில்’ என்று போட்டிருந்தது. பொய் இல்லை. முகூர்த்த மாதங்களில் நான் கல்யாண ஆர்டர் எடுக்கிறேன். கூடப் போன போட்டோவில் முடிக்கு மை அடித்து, முழுக்கைச் சட்டை போட்டு, ஸ்டூடியோக்காரர் வெளுக்க வைத்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். இங்கே அடுப்படியில் நிற்கிறவன் மடித்துக் கட்டிய லுங்கியும், தோளில் துண்டும், நாலு நாள் தாடியுமாக இருந்தான்.

நான்தான் அது என்று அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். ஊரில் இல்லை என்று இப்போதுதான் சொன்னேன். இப்போது நான்தான் என்றால், முதல் வார்த்தையே பொய் சொன்ன சம்பந்தி என்றல்லவா ஆகும்? அதை யோசிப்பதற்குள் அவர் அடுத்ததைக் கேட்டுவிட்டார்.

“ஆளு எப்படிங்க?”

“நல்ல மனுஷன்ங்க” என்றேன். என் குரலே எனக்கு யாரோ பேசுவது போல இருந்தது.

“குடி, கிடி?”

“அதெல்லாம் கெடையாதுங்க. கொஞ்சம் பயந்த சுபாவம்.”

“நல்லா படிச்சவரு போல. சிதம்பரத்துல யூனிவர்சிட்டியிலயே படிச்சாராமே? ஃபேஸ்புக்ல பையன் காமிச்சான்.”

பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரன் அப்போதுதான் தலையைத் தூக்கினான். என் மகளைத் தினமும் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுகிறவன். பத்து வருஷமாக என்னை ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவான். அந்த ஆள் என் பெயரைச் சொல்லிக் கேட்டது அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு கிளம்பி வருவது தெரிந்தது.

“சார், அவுரு மாதிரி படிச்ச ஆளு இந்தத் தெருவுலயே கெடையாது சார்” என்றான். “இன்னா அறிவு, இன்னா அடக்கம்! பாத்தா தெரியாது சார். பக்கத்துலயே நிப்பாரு, ஆனா தெரியாது. இல்ல மாமா?”

“ஆமாங்க” என்றேன். “படிச்சவருதாங்க.”

அந்த ஆள் கை கழுவிக்கொண்டு, தெருவை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். என்னையா, என் கடையையா என்று தெரியவில்லை. அதன் பிறகு பல நாள் எனக்கு அந்தத் திரும்பல்தான் கண்ணில் நின்றது.

*

அந்த ஃபேஸ்புக் சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் எட்டாவதில் முழுப் பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டவன். அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது, வீட்டில் நான்தான் மூத்தவன், அவ்வளவுதான் காரணம். ஒரு சொந்தக்காரர் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய் ஹாஸ்டல் மெஸ்ஸில் சேர்த்துவிட்டார். பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, பிறகு கொதிக்கிற சாம்பார் அண்டாவைத் தூக்குகிற ஆளாகி, ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன். மாணவர்களுக்கு என் வயதுதான். நைட் ஷோ போய்விட்டு வந்தால் நான் எடுத்து வைத்திருக்கும் சோற்றைத்தான் சாப்பிடுவார்கள்.

பல வருஷம் கழித்து மொபைல் கடைக்காரர் எனக்கு ஃபேஸ்புக் திறந்து கொடுத்தார். படித்த இடம் எது என்று அது கேட்டது. காலியாக விட்டாலும் நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தாலுகா ஆபீஸில் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டால் திருப்பி அனுப்புவார்களே, அந்த மாதிரி என்று பயந்துவிட்டேன். சிதம்பரம் என்று அடித்தேன். கீழே ஒரு பட்டியல் வந்தது. தெரிந்த பெயரைத் தொட்டேன்.

கொஞ்ச நாளில் பழைய மாணவர்கள் ஒவ்வொருத்தராக என்னைக் கண்டுபிடித்தார்கள். எங்கெங்கோ பெரிய வேலையில் இருந்தார்கள். என் பிறந்தநாளுக்கு ‘மறக்க முடியாத ஹாஸ்டல் நாட்கள்’ என்று எழுதினார்கள். ஒரு தடவை எல்லாரும் சிதம்பரத்தில் கூடியபோது என்னையும் கூப்பிட்டார்கள். சமைக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கரண்டியோடு போனேன். கரண்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என்னை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். ‘எங்கள் பேட்ச்’ என்று அதற்கு மேல் எழுதிப் போட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் தெரியாத ஒருத்தர் வரிசையாகப் பார்த்தால் என்ன நினைப்பார்? நானே ஒரு நாள் வரிசையாகப் பார்த்தபோது, இந்த ஆள் நன்றாகப் படித்தவன் போலிருக்கிறதே என்றுதான் தோன்றியது.

அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏங்க, நாந்தான் அதுன்னு சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்? ஊர்ல இல்லன்னு சொன்னீங்களே, செத்துட்டாருன்னு சொல்லலியே, அந்த மட்டும் நிம்மதி.”

மகள் முதலில் சிரித்தாள். ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறாள். எதையும் சட்டென்று முடித்துவிடுகிற சுபாவம், என்னை மாதிரி இல்லை. “அந்த லைனை எடுத்துடுப்பா, முடிஞ்சிது” என்றாள்.

போனைக் கையில் எடுத்தேன். எடுத்தபோதே அடுத்த பயம் வந்தது. நேற்று வரை இருந்தது இன்றைக்கு இல்லையென்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? விசாரித்துவிட்டுப் போன அன்றைக்கே அழித்திருக்கிறான் என்றால், இன்னும் என்னென்ன அழித்தானோ என்று நினைக்கமாட்டார்களா? போனைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்கு வேறு கவலை எதுவும் இல்லை. என்னை யார் என்ன சொன்னாலும் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். ஆனால் பெண் அந்த வீட்டில் வாழப் போகிறவள். அவள் போகிற இடத்தில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். இதற்கு முன் இரண்டு இடம் வந்தபோது வாயே திறக்காதவள், இந்தப் பையனிடம் இரண்டு தடவை போனில் பேசிவிட்டு, “இந்த எடம் ஓகேப்பா” என்றிருந்தாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தையை என்னால் கெடுக்க முடியாது.

பெண் பார்க்க வந்தார்கள். அம்மா, பையன், இன்னும் நாலு பேர். கடைக்கு விசாரிக்க வந்த அந்தத் தாய்மாமன் வரவில்லை. ஏதோ கோர்ட் வேலை என்றார்கள். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு, பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக் கிளம்பும் வரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வண்டி சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். பையனின் அம்மா, “சம்பந்திக்கு எங்கள அனுப்புறதுல ரொம்ப அவசரம்” என்று சிரித்தார்.

*

அடுத்த மாதம் நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கச் சிதம்பரம் போனோம். ஆலப்பாக்கம் தாண்டியதிலிருந்து சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். தெற்கு வீதியிலிருந்து உள்ளே போகிற சந்தில் மாடி வீடு. செருப்பைக் கழற்றும்போது உள்ளேயிருந்து அதே குரல் கேட்டது. “வாங்க, வாங்க.”

ஹெல்மெட் இல்லாமல், விபூதி பூசிக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். மை அடித்த முடி, முழுக்கைச் சட்டை. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கைகூப்பினார். நானும் கூப்பினேன். அப்போது என் சட்டைக் கை கொஞ்சம் மேலே ஏறியது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்புகள் இருக்கின்றன. அவர் கண் அங்கே போய்விட்டு வந்தது.

இட்லியும் கொத்சுவும் வைத்தார்கள். சாதாரண நாளாக இருந்தால் அந்தக் கொத்சுவுக்குக் கத்தரிக்காயைச் சுட்டார்களா வதக்கினார்களா என்று கண்டுபிடித்திருப்பேன். அன்றைக்கு நாக்கில் ஒன்றும் ஏறவில்லை. பையனின் அம்மா எதிரில் உட்கார்ந்து, ஆசையாகத்தான் கேட்டார்.

“சம்பந்தி, நீங்க இங்க எந்த மேஜர் எடுத்தீங்க? எனக்கும் படிக்கணும்னு உசுரு. பிளஸ் டூவோட கட்டிக் குடுத்துட்டாங்க. படிச்சவங்களப் பாத்தா எனக்கு ஒரு மரியாதை.”

இன்னொரு விள்ளல் இட்லியை வாயில் போட்டுக்கொண்டேன். என் மனைவி குனிந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

“ஹிஸ்டரி” என்றார் தாய்மாமன். “அன்னிக்கே சொன்னேனேம்மா. சாப்புட உடு அவர.” பிறகு என்னைப் பார்த்து, “வாங்க சம்பந்தி, கை கழுவலாம்” என்றார்.

பாதி இட்லியோடு எழுந்தேன். பின்கட்டில் ஒரு குழாய் இருந்தது. அவரே திறந்துவிட்டார். தண்ணீர் சத்தத்தில் மெல்லப் பேசினார்.

“அன்னிக்கி இட்லி நல்லா இருந்துச்சு.”

“எப்பங்க தெரிஞ்சுது?”

“வண்டிய எடுக்கும்போதே. அந்த ஆட்டோக்காரன் மூஞ்சியப் பாத்தா பச்சப்புள்ளைக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏங்க…”

“எங்கக்கா பொண்ணு ஒருத்திக்கு நாந்தான் விசாரிச்சேன். தங்கமான எடம்னு சொன்னேன். எட்டே மாசம், பொட்டியோட வந்துட்டா. அதுலேர்ந்து நான் எது சொன்னாலும் இந்த வீட்டுல ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்க.” குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தார். “உங்க பொண்ண ஆஸ்பத்திரியிலயே போய்ப் பாத்தேன். ஒரு கெழவிக்கு ரத்தம் எடுக்கிறப்போ ஊசிய எடுத்தப்புறமும் அதோட கையத் தடவிக்கிட்டே இருந்துச்சு. எனக்கு அது போதும். படிச்ச குடும்பம், அப்பாவும் படிச்சவருன்னு அடிச்சு சொல்லிட்டேன். சொன்னாத்தான் என் தங்கச்சி அசைவா.”

“நான் உள்ள போயி உண்மையச் சொல்லிடறேங்க. கால்ல விழுந்துகூட…”

“யாருக்கு நல்லது அது?” என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். “நீங்க சொன்னா உங்க பேரு ஒண்ணும் கெடாது. ஏழைப்பட்டவரு, பயந்துட்டாருன்னு உட்ருவாங்க. எம்பேருதான் போவும். ரெண்டாவது தடவ. அப்புறம் இந்த வீட்டுல உங்க பொண்ணுக்காகப் பேச யாரு இருக்கா? சொல்லுங்க.”

நான் கையையே கழுவிக்கொண்டிருந்தேன்.

“நீங்க யாருன்னு நான் சொல்லியாச்சு. இனிமே அதுதான் நீங்க” என்று குழாயை மூடினார். துண்டை எடுத்துக் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டி, பஸ் புதுச்சத்திரத்தில் நின்றது. என் பக்கம் திரும்பி, “ஹிஸ்டரியாப்பா?” என்றாள்.

குழாயடியில் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் குரல் உடைந்தது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் என் கையைப் பிடித்தாள்.

“அவுருகிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேன்பா. எட்டாவதுதான், மெஸ்ல வேல பாத்தாருன்னு.”

“மாப்பிள்ளைகிட்டயா? இன்னா சொன்னாரு?”

“அதுக்கு இன்னான்னுதான் சொன்னாரு.” கொஞ்சம் நிறுத்தினாள். “அப்புறம், ‘அம்மாகிட்ட மட்டும் சொல்லிக்காத’ன்னாரு.”

அந்தக் கொஞ்சம் நிறுத்தியதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

*

கல்யாணப் பத்திரிகை எங்கள் பக்கம் இரண்டு வீட்டாரும் தனித்தனியாக அடிப்பது வழக்கம். பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடாத பத்திரிகை கிடையாது. மணமக்களுக்கு மட்டுமில்லை, சித்தப்பா பெரியப்பா, மாமன் மச்சான் எல்லாருக்கும் போடுவார்கள். படிப்பு இல்லாதவர்களுக்குத் தொழில், தொழில் இல்லாதவர்களுக்கு ஊர். எங்கள் பத்திரிகையில் என் பெயர் வெறுமனே இருந்தது. ப்ரூப் பார்க்கும்போது அச்சகத்துக்காரர், “கேட்டரிங்னு போடட்டுமா?” என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். எங்கள் தெருவுக்கும் சொந்தத்துக்கும் போகிற பத்திரிகை. எல்லாருக்கும் என்னைத் தெரியும்.

அவர்கள் பத்திரிகை வந்தது. என் பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ.’ என்று இரண்டெழுத்து, நடுவில் புள்ளி. தங்க மையில் அடித்திருந்தார்கள். விரலால் தடவினால் தட்டுப்பட்டது.

அது சிதம்பரத்தில் கொடுக்கிற பத்திரிகை, இது கடலூரில் கொடுக்கிற பத்திரிகை, நடுவில் நாற்பது சொச்சம் கிலோமீட்டர் இருக்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். வாட்ஸ்அப் என்று ஒன்று இருப்பதை அந்த ஒரு வாரம் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. இத்தனை நாள் எல்லாவற்றுக்கும் பயந்தவன், பயப்பட வேண்டியதை விட்டுவிட்டேன்.

மாப்பிள்ளை கேட்டார் என்று மகள் இரண்டு பத்திரிகையையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறாள். மாப்பிள்ளையும் அப்படியே அவர் பக்கம் போட்டிருக்கிறார். இரண்டு பேருக்குமே அவர்கள் பெயரைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. காலையில் ஆட்டோக்காரன் போனை நீட்டிக்கொண்டே கடைக்குள் வந்தான்.

“இன்னா மாமா, முந்தாநேத்து வரைக்கும் எட்டாவது. இன்னிக்கி பி.ஏ.வா? ட்யூஷன் எங்க போற, எனக்கும் சொல்லு.”

இரண்டு பேர் சிரித்தார்கள். “டிகிரி மாமா, ஒரு ஊத்தப்பம்” என்றார் ஒருத்தர். நானும் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். என் மனசெல்லாம் சிதம்பரத்தில் இருந்தது. அங்கே இந்நேரம் எத்தனை போனில் இரண்டு பத்திரிகையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்?

பதினோரு மணிக்குப் போன் வந்தது. பையனின் அம்மா. அவர் எனக்குத் தனியாகப் போன் செய்தது அதுதான் முதல் தடவை. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

“சம்பந்தி, உங்க பத்திரிகையில ஒண்ணு உட்டுப்போயிருக்கு.”

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். உண்மையாகவே சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குத் தைரியம் வந்திருந்தது. “சம்பந்தியம்மா, அது வந்து, நான்…”

“இருங்க. நான் ஒண்ணும் கேக்கல.”

வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

“எங்க நாத்தனாரு கேட்டாங்க. ஓரகத்தி கேட்டாங்க. உங்க அச்சாபீஸ்ல உட்டுட்டாங்க, அச்சுப்பிழைன்னு சொல்லிட்டேன். யாரு கேட்டாலும் நீங்களும் அதையே சொல்லிடுங்க. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லணும், அவ்ளோதான்.”

“சரிங்க.”

“இன்னொண்ணு. எங்கண்ணனுக்கு எனக்குத் தெரியும்னு தெரிய வேணாம். பாவம், அவுரு எதையும் ஒழுங்கா விசாரிக்கமாட்டாரு. தெரிஞ்சா உடைஞ்சு பூடுவாரு.”

எப்போது தெரியும், யார் சொன்னது, தெரிந்துமா தங்க மையில் அடித்தீர்கள் என்று எதையும் நான் கேட்கவில்லை. “சரிங்க” என்று இன்னொரு தடவை சொன்னேன். அவர் மாவிளக்கு எத்தனை வேண்டும், பூ யார் பொறுப்பு என்று சாதாரணமாகப் பேசிவிட்டு வைத்தார்.

எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். நேர்மாறாக ஆனது. மாப்பிள்ளைக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தாய்மாமனுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியக்கூடாது. தங்கைக்கும் தெரியும், அண்ணனுக்கு அது தெரியக்கூடாது. அந்த வீட்டில் ஒவ்வொருத்தரும் அடுத்தவருக்காக என்னைப் பி.ஏ.வாக வைத்திருக்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் காய்ந்த எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் ஈரக் கரண்டியை வைத்திருப்பது போல இருக்கிறது எனக்கு. வைத்திருக்கிற வரைக்கும் ஒன்றுமில்லை. எந்தச் சமையலில், யார் கை தட்டி விழும் என்றுதான் தெரியாது. அந்தச் சட்டிக்கு முன்னால் நிற்கப் போவது என் பெண்.

மனைவியிடம், கல்யாணத்தை நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு தடவை கேட்டேன். “எதச் சொல்லி நிறுத்துவீங்க?” என்றாள்.

கடலூருக்குப் பக்கத்தில் திருவந்திபுரம் கோயில் மலையில் கல்யாணம். அன்றைக்கு அங்கே எத்தனை கல்யாணமோ, மலை முழுக்கப் பட்டுப் புடவையும் மேளமுமாக இருந்தது. எங்கள் மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை வீட்டார் பேனர் கட்டியிருந்தார்கள். அதிலும் அந்த இரண்டெழுத்து. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஹாஸ்டல்லதான் தங்கிப் படிச்சீங்களா? சாப்பாடெல்லாம் எப்படி அப்போ?” என்றார். அந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்ன, புதன்கிழமை என்ன, சாம்பார் தீர்ந்தால் ரசத்தை எப்படி ஒப்பேற்றுவார்கள், பசங்கள் எப்படித் தட்டைத் தட்டிக் கத்துவார்கள் என்று சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும், “நாங்கள்லாம் அப்போ…” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்தபோது எனக்கு அது பொய் போலவே தெரியவில்லை. தூரத்தில் நின்று என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போனேன்.

மகள் போய் மூன்று மாதம் ஆகிறது. ராத்திரி எட்டரைக்குப் போன் செய்வாள். அம்மாவிடம் பேசிவிட்டுக் கடைசியில் என்னிடம் கொடுக்கச் சொல்வாள். நான் அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்பதில்லை, எந்தக் குரலில் சொல்கிறாள் என்றுதான் கேட்பேன். சிதம்பரத்திலேயே ஒரு லேபில் வேலை கிடைத்துவிட்டது. மாமியார் அவளுக்கு மத்தியானச் சோறு கட்டிக் கொடுக்கிறார். மாப்பிள்ளை நல்ல பிள்ளை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் ஒரு நாள் காலை பத்தே காலுக்குக் கூப்பிட்டாள். என் போனுக்கு. மாவு கரைத்துக்கொண்டிருந்த கையோடு எடுத்தேன்.

“என்னம்மா, இந்நேரத்துல?”

“சும்மாதாம்பா. இன்னிக்கி லீவு. ஒரு காமெடி நடந்துது, அதான்.”

“இன்னாது?”

“கேஸ் புக்க மாத்தணும்னு எங்க மாமியாரு ஒரு ஃபார்ம் குடுத்தாங்க, ஃபில் பண்ணச் சொல்லி. அவுங்க பேரு எழுத வேண்டிய எடத்துல தெரியாம எம்பேர எழுதிட்டேன். அத்த வாங்கிப் பாத்துட்டு, ‘அடடா, பி.ஏ. படிச்சவரு பொண்ணாச்சே, தப்பு வருமா, அச்சுப்பிழையாதான் இருக்கும்’னாங்க.”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

“யாரெல்லாம் இருந்தாங்க?”

“எல்லாரும்தான். அவரோட தாய்மாமா வந்திருந்தாரு. அத்தையோட நாத்தனாரும் இருந்தாங்க. எல்லாரும் சிரிச்சிட்டாங்க.”

“மாப்பிள்ளை?”

“அவரும்தான்.”

மாவு என் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. “நீ இன்னாம்மா பண்ண?”

அந்தப் பக்கம் மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

“நானும் சிரிச்சேன்பா” என்றாள். “வேற இன்னா பண்றது? சரி, கூப்புடறாங்க, வெச்சிடறேன்.”